ஆறாம் எண்ணுக்கு எதிரே

1

இந்த நவம்பரோடு நாங்கள் லிமரிக்குக்கு வந்து பதினோரு வருடம் முடிகிறது. அயர்லாந்தின் மேற்குப் பக்கத்து ஊர். "அங்க இன்னா சீசனு இப்ப?" என்று அம்மா திண்டிவனத்திலிருந்து போனில் கேட்பாள். "மழை" என்பேன். மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்பாள். "மழை" என்பேன். "பொய் சொல்லாதடி" என்பாள்.

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் இனிஷியல் தொல்லையை எழுதித் தீர்த்துவிட்டார்கள். முதல் பெயர் எது, கடைசிப் பெயர் எது என்ற பாட்டை நான் மறுபடி பாடப்போவதில்லை. இது அதைவிடச் சின்ன சமாசாரம். ஒரு படிவத்தில், ஒன்றும் எழுதாமல் விட்ட ஒரே ஒரு வரி. அதனால் என் அம்மாவோடு நான் போட்ட சண்டையும் அதற்கு அப்புறம் நடந்ததும்தான் விஷயம்.

நான் வெப் புரோகிராமர். இணையத்தில் நீங்கள் நிரப்புகிற படிவங்கள் இருக்கின்றனவே, சிவப்பு எழுத்தில் "இந்தக் கட்டம் கட்டாயம்" என்று உயிரை வாங்குமே, அவற்றைச் செய்து பிழைக்கிறவள். திட்டுவதாக இருந்தால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

இங்கே எங்களைப் போன்ற கத்தோலிக்கர்களுக்கு நவம்பர் மாதம் முழுக்க இறந்தவர்களுக்கான மாதம். கோயிலில் வீட்டுக்கு ஒரு கவர் கொடுப்பார்கள். நம் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிப் போட்டால், அந்த மாதப் பூசைகளில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வாசிப்பார்கள். எங்கள் விழுப்புரம் கோயிலிலும் கல்லறைத் திருநாளுக்கு இதே வழக்கம் உண்டு. முதல் வருடம் அந்தக் கவரைக் கையில் வாங்கியபோது எனக்குப் பாதி ஊர் திரும்பிக் கிடைத்த மாதிரி இருந்தது.

பெயர்களை வாசிக்கிறவர் நோரீன். கோயில் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மாள், எழுபதைத் தாண்டியவர். போன வருடம் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஜெசிந்தா, இந்த ஊர்க்காரர்கள் கையெழுத்தைப் படித்தே நான் செத்துவிடுவேன். அப்புறம் என் பெயரையும் யாராலும் படிக்க முடியாது. கம்ப்யூட்டரில் ஏதாவது செய்து கொடேன்" என்றார். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்துகொடுத்தேன். முதலில் ஒரே ஒரு வரி இருக்கும். அதில் ஒரு பெயர். இன்னும் வேண்டுமென்றால் பட்டனை அமுக்க, அடுத்த வரி வரும். கடைசியில் அனுப்பினால், எத்தனை பெயர் வந்தது என்று நம்பர் போட்டு ஒரு மின்னஞ்சல் திரும்பிப் போகும். குறைந்தது ஒரு பெயராவது எழுதவேண்டும் என்று ஒரு விதியும் வைத்தேன். தொழில் பழக்கம்.

2

படிவம் என்பது எங்கள் குடும்பத் தொழில் என்றே சொல்லலாம். 1993இல் மாவட்டம் பிரிந்து விழுப்புரத்துக்குக் கலெக்டர் ஆபீஸ் வந்தபோது, அரிசி மில்லில் இருந்த என் அப்பா ராயப்பன் அந்த வேலையை விட்டுவிட்டார். ஒரு மடக்கு நாற்காலி, ஒரு பரீட்சை அட்டை, இரண்டு பேனா. ஆபீசுக்கு எதிரே மர நிழலில் உட்கார்ந்து மனு எழுத ஆரம்பித்தார். காணையிலிருந்தும் ஓமந்தூரிலிருந்தும் ஆட்கள் கரும்பு வெட்டின கையோடு வருவார்கள். ஜாதிச் சான்று, பட்டா, முதியோர் உதவித்தொகை, எதுவானாலும் அப்பாவிடம் வந்தால் ஒரே தடவையில் உள்ளே போகும் என்று பேர்.

அதற்குக் காரணம் அவருடைய கோடு. எந்தக் கட்டத்தையும் அவர் சும்மா விடமாட்டார். தொலைபேசி எண் இல்லையா, ஒரு கோடு. வீட்டு எண் இல்லையா, ஒரு கோடு. கணவர் பெயர் என்ற இடத்தில் கல்யாணமாகாத பெண்ணுக்கு ஒரு கோடு. "வெத்தா வுடாதீங்க. வெத்தா வுட்டா எவன் வேணா எதை வேணா எழுதிடுவான்" என்பார். கோடு போட்டால், அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று அர்த்தம். அதற்கு மேல் எந்தக் குமாஸ்தாவும் கேள்வி கேட்க முடியாது.

இந்தக் கோட்டுப் பழக்கம் ரத்தத்தில் ஏறிப்போய், நான் இங்கே வந்த புதிதில் மானம் போயிற்று. தங்கும் அனுமதி அட்டைக்கான படிவத்தில் நடுப்பெயர் என்று ஒரு கட்டம். எனக்கேது நடுப்பெயர்? அப்பாவின் மகளாக லட்சணமாக ஒரு கோடு போட்டேன். கவுன்டரில் இருந்த பையன் பார்த்ததை அப்படியே தட்டிவிட்டான். அட்டை வந்தபோது பெயர் "ஜெசிந்தா - ராயப்பன்". அதைப் பார்த்து வங்கியிலும் அப்படியே. நூலகத்தில் ஒரு பெண் மரியாதையாக, "இதை எப்படி உச்சரிப்பது?" என்று கேட்டாள். மாற்றி வாங்க எட்டு மாதம். அப்பாவிடம் போனில் சொன்னபோது சிரித்துச் சிரித்து இருமினார். "கோட்டையே பேரா வெச்சிட்டானா? எம் பொண்ணு பேருக்கு நடுவுல என் கையெழுத்து இருக்குதுன்னு நெனச்சிக்க" என்றார். அடுத்த வருடம் அவர் போய்விட்டார். அந்தப் பழைய அட்டையை நான் தூக்கிப்போடவில்லை.

என் தொழிலில் இந்த விவகாரத்துக்கு இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று 'நல்'. மதிப்பே கிடையாது என்று பொருள். நல்லதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னொன்று 'எம்ப்டி', வெற்று. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் இரண்டையும் ஒன்று என்று நினைத்து மாட்டிக்கொள்வார்கள். நான் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டை வைத்துத்தான் மனதுக்குள் விளங்கிக்கொண்டேன். பஸ்ஸே வரவில்லை என்றால் அது நல். பஸ் வந்து நிற்கிறது, ஜன்னலோர சீட்டில் ஒருவரும் இல்லை, ஆனால் யாரோ துண்டு போட்டு வைத்திருக்கிறார்கள் என்றால் அது வெற்று. ஆள் இல்லை என்பது இரண்டுக்கும் பொது. ஆனால் இரண்டாவதில் போய் உட்கார்ந்து பாருங்கள், தெரியும் சேதி.

இவ்வளவு தெரிந்த நான், நோரீனுக்குச் செய்த படிவத்தில் சோம்பேறித்தனமாக இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். ஜனங்கள் தவறுதலாகப் பட்டனை அமுக்கி ஒரு வரியை வரவழைத்துவிட்டு எழுதாமல் போவார்கள் இல்லையா? வெறும் வரி எது வந்தாலும் தூக்கிப்போட்டு, கீழே இருப்பதை மேலே ஏற்றிவிடு என்று எழுதியிருந்தேன்.

3

இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். எங்கள் வீட்டில் கல்லறைத் திருநாள் பட்டியலை அப்பாதான் எழுதுவார். நல்ல வெள்ளைத்தாள், இடப்பக்கம் நம்பர்.

ஒன்று சவரிமுத்து, இரண்டு அந்தோணியம்மாள், மூன்று சூசை, நான்கு ஆரோக்கியம், ஐந்து ஞானப்பூ. எல்லாம் தாத்தா பாட்டி, பெரியப்பா, அத்தை வகை. அதற்குக் கீழே "6" என்று எழுதி ஒரு புள்ளி வைப்பார். எதிரே ஒன்றும் இருக்காது. கோடு கூட இருக்காது.

ஊர் முழுக்கக் கோடு போடுகிற மனிதர் தன் வீட்டுத் தாளில் மட்டும் வெற்றாக விடுகிறாரே என்று பெரியவர்கள் யாரும் கேட்டதாக நினைவில்லை. எனக்கு ஒன்பது வயது, தம்பி சகாயத்துக்கு ஏழு. நாங்கள் இரண்டு பேரும் ஆராய்ச்சி செய்து ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். ஆறாம் நம்பர் அடுத்து சாகப்போகிறவருக்கு ரிசர்வ் செய்யப்பட்டிருக்கிறது.

"நீ தான் ஆறு" என்பான் அவன், சண்டை வந்தால். "நீ தான்டா ஆறு" என்பேன் நான். ஒரு தடவை அவனுக்குக் காய்ச்சல் வந்து நூற்று மூன்றுக்குப் போனபோது, அப்பாவின் பேனாவை எடுத்து நான் மாடத்தில் ஒளித்து வைத்துவிட்டேன். பேனா இல்லாமல் எப்படி எழுதுவார் என்ற கணிப்பு. மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது, பேனா தொலைந்ததற்கு அடி கிடைத்தது. உயிரைக் காப்பாற்றியதற்கு இதுதான் கூலி என்று வெகுநாள் பொருமிக்கொண்டிருந்தேன்.

கோயிலில் உபதேசியார், அதாவது சாமியாருக்கு உதவியாக இருக்கிறவர், எல்லார் வீட்டுப் பட்டியலையும் ரயில் வேகத்தில் படிப்பார். ஞானப்பூவுக்கு அடுத்து மூச்சுக்கூட விடாமல் அடுத்த வீட்டுக்காரர்களின் பெயருக்குப் போய்விடுவார். அம்மா அந்த நேரத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள். அது எனக்கு நினைவிருக்கிறது. ஏன் என்று நான் யோசித்ததில்லை.

4

அந்த அக்டோபர் கடைசியில் ஒரு நாள் பேச்சுவாக்கில் அம்மாவிடம் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். அப்பா போனபிறகு அவள் திண்டிவனத்தில் சகாயம் வீட்டில் இருக்கிறாள். போன் வாங்கிக் கொடுத்ததும் ஆறே மாதத்தில் என்னைவிட வேகமாகத் தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கும் அனுப்பேன். நானே போடறேன். இங்கயும் பூசை, அங்கயும் பூசை, ரெண்டு எடத்துல படிச்சா நல்லது தானே?"

அனுப்பினேன். மறுநாள் மதியம் நான் வேலையில் இருக்கும்போது போன்.

"உன் மிஷினு ஏமாத்துதுடி. நான் ஏழு குடுத்தேன். ஆறுன்னு வருது."

"எதையாவது விட்டிருப்பம்மா. மறுபடி போடு."

மறுபடி போட்டாள். மறுபடி ஆறு. மூன்றாவது தடவையும் போட்டாள். வந்திருந்த மூன்றையும் நான் திறந்து பார்த்தேன். சவரிமுத்து முதல் ஞானப்பூ வரை ஐந்து, ஆறாவது ராயப்பன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"ஆறு பேருதானம்மா எழுதியிருக்க. நடுவுல ஒரு வரி வெத்தா விட்டிருப்ப. அதைத் தூக்கிட்டு அப்பாவை மேல ஏத்திருக்கு, அவ்வளவுதான்."

"அதான் கேக்கறேன். அவர ஏன் அங்க ஏத்துன?"

"ஏன்னா அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லன்னு உனக்கு யாருடி சொன்னது?"

எனக்கு மேலதிகாரியுடன் கூட்டம். ஐந்து நிமிடம்தான் இருந்தது. "எழுதலைன்னா இல்லன்னுதானம்மா அர்த்தம். கம்ப்யூட்டருக்கு வேற எப்படித் தெரியும்? வேலை நேரத்துல பேஜாரு பண்ணாதம்மா" என்று கத்திவிட்டேன். போனை அவள் அணைத்த சத்தம் கேட்டது. எப்போதும், "வெச்சிடட்டுமா?" என்று நாலு தடவை கேட்டுவிட்டுத்தான் வைப்பாள்.

கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பா இறந்து பத்து வருடம் ஆகப்போகிறது. அவரை ஆறில் எழுதியிருக்கலாமே, இடம் காலியாகத்தானே இருந்தது? ஏன் ஏழில் எழுதியிருக்கிறாள்? அந்தக் கேள்வி அப்போதுதான் எனக்கு உறைத்தது.

5

மறுநாள் காலையில் மகள் க்ளாராவைப் பள்ளியில் விடக் கிளம்புவதற்கு முன் அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம். எடுத்துவிட்டாள், ஆனால் முகத்தைக் காட்டாமல் கூரையைக் காட்டினாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"அம்மா, ஆறு யாரு?"

அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"உனக்கு முன்னால ஒண்ணு பொறந்துச்சி" என்றாள் அம்மா. "பொட்டப் புள்ள. காலையில பொறந்து சாயங்காலம் பூடுச்சி."

காலணி மாட்டுகிற பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒரு சொட்டுத் தண்ணிய தலையில ஊத்தி பேரச் சொல்லியிருந்தா போதும், ஞானஸ்நானம் ஆயிருக்கும். அவசரத்துக்கு யாரு வேணா குடுக்கலாம். நான் நெனவில்லாம கெடந்தேன். உங்கப்பாருக்குத் தோணல. தோணறதுக்குள்ள பூடுச்சி. அப்ப காணையில இருந்தோம். ஞானஸ்நானம் இல்லன்னுட்டு அங்க கல்லறைக்குள்ள வுடல. செவுத்துக்கு அந்தாண்ட வெச்சிட்டு வந்தாரு."

"பேரு வைக்கலையாம்மா?"

"யோசிச்சி வெச்சிருந்தோம்."

"என்ன பேரு?"

இப்போது அம்மா போனைத் திருப்பினாள். முகம் தெரிந்தது. அழவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெசிந்தான்னு."

நான் அழுதபடி கேட்டேன், அம்மா சொல்லிக்கொண்டே போனாள்.

"ரெண்டு வருசம் கழிச்சி நீ பொறந்த. அந்தப் பேரு சும்மா கெடக்கக் கூடாது, இதுக்கே வெப்போம்னாரு உங்கப்பாரு. வெச்சாச்சி. அப்புறம் கல்லறைத் திருநாளு வருது. இன்னா பண்ணுவாரு? நீ பக்கத்துல ஒக்காந்து மல்லாட்டைய உரிச்சி துன்னுக்கினு இருக்கற. செத்தவங்க தாளுல உன் பேர எழுத முடியுமா? கை வரல அவருக்கு. சரி, கோடு போடலாம்னா, கோடு போட்டா அப்புடி ஒரு புள்ளையே இல்லன்னு ஆயிடும். அதான் நம்பர மட்டும் போட்டு வுட்டுட்டாரு. வருசா வருசம்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ இன்னா நெனப்பியோன்னு. மிச்சம் மீதிப் பேர எனக்கு வெச்சாங்களான்னு கேட்டுடுவியோன்னு பயம்." பிறகு சமாதானம் செய்கிற குரலில், "நீ மட்டும் இன்னா, நல்லாத்தான வெச்சிக்கினு இருக்கற அந்தப் பேர" என்றாள்.

நான் முந்தின நாள் கத்தினதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அது கெடக்குது வுடு" என்றாள். "அவர மட்டும் ஏழுல கொண்டாந்து வை. ஆறு அவரு எடம் இல்ல. அந்தப் புள்ளைய நவுத்திட்டு அவரு ஒக்கார மாட்டாரு."

6

7

ஆறாம் பகுதி அச்சில் விட்டுப்போகவில்லை. அது அப்படித்தான்.

அன்று அலுவலகத்துக்கு வரமுடியவில்லை என்று சொல்லிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து நிரலைத் திருத்தினேன். மொத்தம் நாலு வரி மாற்றம். வரவழைக்காத வரி நல். அது இல்லவே இல்லை, போகட்டும். பட்டனை அமுக்கி வரவழைத்து, எழுதாமல் விட்ட வரி வெற்று. அதைத் தொடாதே, அதன் எண்ணோடு அப்படியே வை. தவறுதலாக அமுக்குகிறவர்களுக்காக ஒரே ஒரு கேள்வி சேர்த்தேன்: "இந்த வரி காலியாகவே இருக்கட்டுமா?" ஆம், இல்லை. அவ்வளவுதான். முப்பது வருடமாக உபதேசியாருக்குப் புரியாதது, எனக்கும் புரியாதது, அந்தக் கணினிக்குப் பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது.

பள்ளி விட்டு வரும்போது காரில் க்ளாராவிடம் சொன்னேன். காலையில் நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுததை அவள் பார்த்திருந்தாள், மறைக்க வழியில்லை. எட்டு வயது. அவள் தமிழ் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டுதான் வருகிறது. 'ழ' போய் வெகுகாலம் ஆகிறது. பள்ளியில் ஐரிஷ் மொழிப் பாட்டெல்லாம் பாடுகிறாள், என் அம்மாவிடம் பேசச் சொன்னால் "ஹலோ ஆயா, சாப்பிட்டியா" என்பதோடு ஓடிவிடுகிறாள். இதற்காக நான் வருத்தப்படுவதும் அவளை அதட்டுவதும் எங்கள் வீட்டில் அன்றாடக் கச்சேரி.

அவள் கொஞ்ச நேரம் கண்ணாடியில் ஓடுகிற மழைத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். "அவங்க உன்னைவிடப் பெரியவங்களா?" என்று கேட்டாள்.

"ரெண்டு வருஷம் பெரியவ."

"அப்போ எனக்குப் பெரியம்மா."

நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். எனக்கு அக்கா என்ற நினைப்பே அதுவரை வந்திருக்கவில்லை. பெயரில்லாதவளுக்கு முறை இருந்தது, அதை இந்தத் தமிழ் தெரியாத கழுதை கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது.

நோரீன் இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார். "ஜெசிந்தா, உன் அம்மாவின் பட்டியலை அச்செடுத்தேன். ஆறாவதில் பெயர் விட்டுப்போயிருக்கிறது. எடுத்துவிடட்டுமா?"

நேரில் வருகிறேன் என்று போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சுவருக்கு வெளியே என்று நான் சொன்ன இடத்தில் அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். இந்த நாட்டிலும் அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளுக்கு அப்படித்தான், ஊருக்கு ஊர் கல்லறைக்கு வெளியே ஒரு மூலை இருந்தது என்றார். கோப்பையை மறுபடி எடுக்காமலே, "அந்த இடம் வரும்போது நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். "சரி, மற்ற பெயர்களையாவது ஒழுங்காகச் சொல்லக் கற்றுக்கொடு" என்றார். ஞானப்பூவுக்கு மட்டும் இருபது நிமிடம் ஆயிற்று.

எங்கள் கோயிலில் பூசையை இணையத்தில் நேரடியாகக் காட்டுகிற காமிரா உண்டு. காலைப் பத்து மணிப் பூசை. திண்டிவனத்தில் மதியம் மூன்றரை. அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள் என்று சகாயம் அப்புறம் சொன்னான். நான் கோயிலில் மூன்றாவது வரிசையில் இருந்தேன்.

நோரீன் வாசித்தார். சவரிமுத்து, கொஞ்சம் தடுக்கி. அந்தோணியம்மாள். சூசை, பிரமாதமாக. ஆரோக்கியம். ஞானப்பூ. அங்கே நிறுத்தினார். தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள், இருமல் அடங்கியது, அப்புறமும் நிறுத்தியிருந்தார். இடத்தைத் தவறவிட்டுவிட்டார் என்று நினைத்து எனக்கு முன்னால் இருந்த கிழவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு நோரீன், "ராயப்பன்" என்றார், தெளிவாக.

கோயிலை விட்டு வெளியே வருவதற்குள் போன் அடித்தது.

"கேட்டியா? அந்தம்மா நிறுத்துனாங்க."

"கேட்டேம்மா."

"நம்ம உபதேசியாரு ஒரு நாளும் நிறுத்துனதில்ல. முப்பது வருசத்துக்கு மேல எழுதிக் குடுத்திருக்கோம். இன்னிக்குத் தான் அவள படிச்சாங்க." மூக்கை உறிஞ்சினாள். பிறகு குரல் மாறிற்று. "அந்தம்மாவுக்குப் புள்ளைங்க எத்தினி?"

"கல்யாணமே ஆகலைம்மா. இருபது வயசுலேருந்து கோயில் வேலைதான் பாக்கறாங்களாம்."

"ஆங்" என்றாள் அம்மா. "அந்தம்மாவுக்கும் ஆறாம் நம்பரு ஒண்ணு இருக்குதுடி" என்றாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஒருத்திக்காக அவ்ளோ நேரம் நிறுத்த மாட்டாங்க. நீ ஒண்ணும் கேட்டுக்கினு நிக்காத. வெச்சிடட்டுமா?"

நான்கு தடவை கேட்டுவிட்டுத்தான் வைத்தாள்.

நோரீனிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் படிவத்தைத் திறந்தேன். குறைந்தது ஒரு பெயராவது எழுதவேண்டும் என்று நான் வைத்திருந்த விதி அதில் அப்படியே இருந்தது. அதை எடுத்துவிட்டேன்.